விட்ட ஓட்டத்தை மீண்டும் தொடங்கும் தம்பதியருக்கு

நல்லூர் ஒன்றியத்தில் எந்த ஊருக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போனாலும் ரோட்டோரமாக நாலு பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். காலேஜ் பிள்ளைகள், போலீஸ் தேர்வுக்குப் போகிறவர்கள், படிப்பு முடிந்து கல்யாணமும் ஆகி, விட்டுப்போன ஓட்டத்தை மறுபடி பிடிக்கப் பார்க்கிறவர்கள். அப்படி ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: "சார், காலேஜ்ல ஐயாயிரம் மீட்டர் ஓடினவன் நான். இப்ப ரெண்டு ரவுண்டுக்கே நாக்கு தள்ளுது." பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற அவர் மனைவி, "நானுந்தான் காலேஜ்ல ஓடினேன். என்னை யாரு கேக்குறா?" என்றார். அந்த இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன்.

முதலில், ஓட்டத்தை நிறுத்தினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தினமும் ஓடுகிறவர் உடம்பில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுதலாக இருக்கும். அதனால் இருதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளும். ஓட்டத்தை நிறுத்திய சில நாட்களிலேயே இந்த நீர்ப்பகுதி குறையத் தொடங்கிவிடும். இருதயம் அதே வேலைக்கு அதிகத் தடவை அடித்துக்கொள்ள வேண்டிவரும். பல ஆண்டு பயிற்சி செய்தவர்களை ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். பிராணவாயுவை எடுத்துப் பயன்படுத்தும் திறன் மூன்று வாரத்தில் நூற்றுக்கு 7 பங்கு அளவும், மூன்று மாதத்திற்குள் 16 பங்கு அளவும் இறங்கியது. ஆனால் அதற்குப் பிறகு இறக்கம் மெதுவாகிவிடுகிறது. பல வருஷம் ஓடினவர், ஒருநாளும் ஓடாதவர் நிலைக்கு மூன்று மாதத்தில் வந்துவிடுவதில்லை. சேர்த்த முதலில் கொஞ்சம் மிச்சம் இருக்கவே செய்யும்.

"வயசாயிடுச்சு சார், இனிமே எங்க?" என்று முப்பது வயதிலேயே கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில், இருபது வயதுள்ள ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து சோதித்தார்கள். அவர்கள் திறன் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. பிறகு பயிற்சி கொடுத்ததும் திரும்பி வந்தது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில் அதே ஐந்து பேரை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். முப்பது ஆண்டு வயது ஏறியதால் போனதைவிட, அன்று மூன்று வாரம் படுத்ததால் போனதுதான் அதிகம்! ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில், வயதினால் போனதும் திரும்பி வந்தது. ஆகவே வயதின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. மூச்சும் இரத்தமும் சில வாரத்தில் திரும்பும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. விருத்தாசலத்துப் பீங்கான் வேலைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஈரம் காயாத மண்சாமானைச் சூளையில் வைத்துத் தீயை ஏற்றினால் விரிசல் விடும். வெளியே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும். நான் பட்ட அனுபவம் இது. கல்லூரியில் நானும் நீண்டதூரம் ஓடினவன். மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் ஓடவில்லை. திரும்பி வந்த இரண்டாவது வாரமே மூச்சு நன்றாக வந்தது. சந்தோஷத்தில் மூன்றாவது வாரம் பழைய வேகத்தில் பழைய தூரத்தை ஓடினேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகிற வலி. எலும்பில் மயிரிழை விரிசல். அதோடு அந்த ஆண்டுப் போட்டி போயிற்று. மூச்சு இடம் கொடுத்தாலும் கால் இடம் கொடுக்கிறதா என்று பார்க்க எனக்கு அன்று யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? ஒரு வாரம்தான் விட்டிருந்தால் இரண்டு நாள் மெதுவாக ஓடிவிட்டுப் பழையபடி போகலாம். மூன்று வாரம் விட்டிருந்தால் பழைய தூரத்தில் பாதியில் தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் விட்டவர் முதல் இரண்டு வாரம் ஓடவே வேண்டாம், அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும். பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். வாரம் போகப்போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைக்க வேண்டும். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகம் கடைசியில் வரட்டும். அளவு தெரிய கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். தார் ரோட்டைவிடப் பள்ளிக்கூடத்து மண் மைதானம் நல்லது. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொழுது ஏறுமுன் முடித்துவிடுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

காய்ச்சலோடு ஓடவே கூடாது. டெங்கு, டைபாய்டு, கொரோனா என்று படுத்து எழுந்தவர்கள், மூச்சு வாங்காமல் வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்ய முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2020-இல் கல்லூரிகளை மூடியபோது மாதக்கணக்கில் மைதானம் பார்க்காத பிள்ளைகள், திறந்தவுடன் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடித்துவிடப் பார்த்ததை நாம் மறக்கவில்லை. ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடுகிற வழக்கத்தை நான் கண்டால் திட்டாமல் விடுவதில்லை.

போலீஸ் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். (விதி மாறலாம், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.) 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. காலேஜில் ஓடினவருக்கு இது பெரிய வேகமில்லை. அதனால்தான் அலட்சியம் வருகிறது. எழுத்துத் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருந்து, இருபது நாளில் தயாராகப் பார்த்துத் தொடைத்தசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மனுப் போட்ட அன்றே நடக்கத் தொடங்கினால் பன்னிரண்டு வாரம் கிடைக்கும். அது போதும்.

இப்போது அந்தத் தங்கைக்கு வருகிறேன். பிரசவம் ஆனவள் ஓடலாமா? ஓடலாம். கென்யா நாட்டு ஃபெய்த் கிப்யேகான் 2018 ஜூனில் பெண் குழந்தை பெற்றார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். நம் பி.டி. உஷா 1992-இல் தாயானவர். 1998-இல் ஜப்பானில் நடந்த ஆசியப் போட்டியில், 34 வயதில், 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம் வாங்கினார்.

ஆனால் அவசரப்படக் கூடாது. சுகப்பிரசவமானால் உடம்பு இடம் கொடுக்கும்போது வீட்டுக்குள்ளேயும் தெருவிலும் மெதுவாக நடக்கலாம். சிறுநீரை அடக்குவதுபோல அடிவயிற்றுத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சியையும் செய்யலாம். 42-ஆம் நாள் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஓட்டம் மூன்று மாதத்துக்குப் பிறகுதான். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டு, இன்னும் தள்ளித் தொடங்குவது நல்லது. ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, "கீழே எறங்குற மாதிரி" கனமாக இருந்தாலோ, இரத்தம் பட்டாலோ நிறுத்திவிட்டுக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. வைத்தியம் உண்டு.

"ஓடினா பால் சூடாயிடும், குழந்தைக்கு ஆகாது" என்று மாமியார் சொல்வார். அப்படி ஒன்றும் கிடையாது. அளவான ஓட்டத்தால் பால் குறைவதுமில்லை, கெடுவதுமில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு கனம் இல்லாமல் ஓடலாம். அந்த அரை மணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது? தம்பி, உங்களைத்தான் கேட்கிறேன். திங்கள், புதன் அவர் ஓடட்டும். செவ்வாய், வியாழன் நீங்கள் ஓடுங்கள். இப்படி முறை வைத்துக்கொண்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நம் மாநிலத்தில் 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. பயிற்சி செய்தும் மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது என்றால் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள். டீயோடு அதைச் சாப்பிட்டால் சத்து சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். நம் வட்டாரத்தில் விளைகிற வேர்க்கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு, ஒரு முட்டை இருக்கும்போது டப்பா பவுடருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சாப்பாடு குறைந்து ஓட்டம் கூடினால் சில பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். எலும்பு பலவீனமாகிற அடையாளம் அது. முதலில் கர்ப்பமா என்று பாருங்கள், இல்லையென்றால் சாப்பாட்டைக் கூட்டுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மாதவிலக்கு வரவில்லை என்பதால் கரு உண்டாகாது என்று நினைத்துவிடாதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கும் அப்படித்தான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாதிருக்க வேண்டும், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காதிருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பாதிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு இல்லை.

ஒரு பிறப்புக்கும் அடுத்த பிறப்புக்கும் மூன்று ஆண்டு இடைவெளி இருந்தால்தான் தாயின் இரத்தமும் எலும்பும் தேறும். ஓட்டத்துக்குக் காப்பர்-டி எந்த இடைஞ்சலும் செய்யாது. பால் கொடுக்கும்போது சாயா மாத்திரையும் சாப்பிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் நல்லதுதான். ஆனால் போட்டுக்கொள்ளும் காலத்தில் எலும்பின் அடர்த்தி சிறிது குறைந்து, நிறுத்தியபின் தேறும். முன்பு எலும்பு விரிசல் கண்டவர் செவிலியரிடம் அதைச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள்.

போதும் என்று முடிவு செய்த வீட்டில், தழும்பில்லா ஆண் கருத்தடை பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது. "பண்ணிக்கிட்டா ஓட முடியாது, பலம் போயிடும்" என்பது வெறும் பேச்சு. வெட்டுவது விந்துக் குழாயை மட்டும்தான். பலத்துக்கான சுரப்பு வழக்கம்போல் இரத்தத்தில் கலந்துகொண்டேயிருக்கும். ஒரு வாரம் ஓட்டம், சைக்கிள், பாரம் தூக்குவது வேண்டாம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரியும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். இவையெல்லாம் அரசு நிலையங்களில் இலவசம். துணை சுகாதார நிலையத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள், குழந்தையையும் தூக்கி வாருங்கள். எடை பார்த்துவிடலாம்.