பாரசீகப் பூனையும் பரம்பரை நோயும்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். நிறமும் அழகும் மட்டுமல்ல, நோயும் அவ்வாறே வழிவழியாக வரும் என்பதற்கு நாம் மடியில் வைத்துக் கொஞ்சும் பாரசீகப் பூனையே சான்று.

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் லயத்தில் இப்பூனையை விரும்பி வளர்ப்போர் உண்டு. குட்டி ஈன்றால் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பார்கள். என் அத்தை வீட்டுப் பூனையின் மூன்று ஈற்றுக் குட்டிகளும் அப்படித்தான் பல வீடுகளுக்குப் போயின. பிறகு அது மெலியத் தொடங்கியது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே அத்தை எண்ணினார். ஸ்கேன் எடுத்தபோது இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள்! எட்டு வயதில் அது இறந்தது.

நோய் என்ன?

இதன் பெயர் சிறுநீரக நீர்க்கட்டி நோய்; சுருக்கமாக பி.கே.டி. பிறக்கும்போதே நுண்ணிய கட்டிகள் இருக்கும். அவை ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருத்து, நல்ல திசுக்களை நெருக்கி அழிக்கும். பூனை அடிக்கடி தண்ணீர் குடிக்கும், அதிகமாகச் சிறுநீர் கழிக்கும், உணவை வெறுக்கும். இவ்வறிகுறிகள் பெரும்பாலும் ஏழு வயதையொட்டியே தெரியவரும். அதற்குள் அது பலமுறை குட்டி ஈன்றிருக்கும். ஆபத்தே இதுதான். நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. தக்க உணவும் சிகிச்சையும் வேதனையைக் குறைக்கும், அவ்வளவே.

எப்படி வருகிறது?

2004ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெஸ்லி லையன்ஸ் குழுவினர் இதன் காரணத்தைக் கண்டறிந்தனர். ‘பி.கே.டி.1’ என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது! மனிதருக்கு வரும் இதே வகை நோய்க்கும் பெரும்பாலும் இந்த மரபணுவே காரணம்.

இடைநிலைப்பள்ளியில் ‘டோமினான்’ என்று படித்தோமே, அந்த ஓங்கு பண்பு இது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே போதும். ஒவ்வொரு குட்டிக்கும் 50 விழுக்காடு வாய்ப்புண்டு. பழுதான மரபணு இருபக்கமும் வந்தால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். ஆகவே, உயிரோடிருக்கும் நோயுற்ற பூனையிடம் ஒரு நல்ல மரபணுவும் இருக்கும். அதன் குட்டிகள் எல்லாமே நோயாளிகள் அல்ல.

என்ன செய்யலாம்?

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். சிறு குட்டியிலேயே மரபணுச் சோதனை செய்துவிடலாம். ஸ்கேன் பரிசோதனை என்றால் பத்து மாதம் ஆன பிறகு செய்வதே நம்பகமானது.

தேயிலை நாற்றுக்குக் கிளை வெட்டுபவர் தாய்ச்செடியைப் பார்த்துத்தான் வெட்டுவார். நமக்கும் அந்தக் கவனம் வேண்டும். நோயுள்ள பூனையைக் கைவிட வேண்டாம். கருத்தடை செய்து கடைசிவரை அன்போடு வளர்ப்போம். நண்பர்களே, குட்டி வாங்கும்போது நிறத்தையும் விலையையும் கேட்கிறோம். தாய் தந்தையின் சோதனை முடிவையும் கேட்போம். சோதித்த பின்னரே இணைசேர்ப்பது என்று வளர்ப்போர் அனைவரும் முடிவெடுத்தால், இந்த நோய் அடுத்த தலைமுறைக்குப் போகாது.