கட்டத்துக்கு மேலே ஒரு குரல்

"அப்பாவைப் பற்றி எழுதணும்னா எழுத வேண்டியதுதானே, படம் எதுக்கு?" கிராஃபிக் நாவல், அதாவது படங்களால் கதை சொல்லும் புத்தகம், என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்வி. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அலிசன் பெக்டெல் எழுதி வரைந்த 'ஃபன் ஹோம்' 2006இல் வந்தது. கதை நடப்பது பென்சில்வேனியாவின் பீச் கிரீக் என்ற சிற்றூரில். அப்பா புரூஸ் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். இறந்தவர்களைத் தயார்செய்து அடக்கத்துக்கு அனுப்பும் குடும்பத் தொழிலும் அவர் கையில் இருந்தது. அந்தத் தொழில் நடந்த இடத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் புத்தகத்தின் தலைப்பு. கல்லூரியில் படிக்கும்போது, 19 வயதில், தான் பெண்களை விரும்புகிறவள் என்று அலிசன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். அதன் பிறகே அம்மா சொல்கிறார், அப்பாவுக்கும் ஆண்களோடு உறவு இருந்தது என்று. சில மாதங்களில், 1980இல், அப்பா லாரியில் அடிபட்டு இறந்துபோகிறார். விபத்துதானா, அவரே தேடிக்கொண்டதா என்பது யாருக்கும் நிச்சயமில்லை.

இதை உரைநடையில் சொல்கிறவர், அப்போது தெரியாதது, பிறகு தெரிந்தது என்று ஒவ்வொன்றாகத்தான் சொல்லியாக வேண்டும். படக்கதையில் இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். படம் வரைந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஓடும் வரிகள், எல்லாம் தெரிந்துவிட்ட நடுவயது அலிசனின் குரல். கட்டத்துக்குள்ளே, எதுவுமே தெரியாத சிறுமி அப்பா சொல்கிற வேலையைச் செய்துகொண்டிருப்பாள். மேலே இருப்பதை அவளுக்கு யாரும் சொல்ல முடியாது. நமக்கு மட்டும் தெரியும். அந்தத் தவிப்பைத்தான் இந்த வடிவம் தருகிறது.

புத்தகத்தின் நட்டநடுவில் இரு பக்கங்களை நிறைத்து ஒரே படம் இருக்கிறது: ஒரு புகைப்படத்தைப் பிடித்திருக்கும் கை. புகைப்படத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த இளைஞன் உள்ளாடையோடு விடுதிக் கட்டிலில் படுத்திருக்கிறான். குடும்பமாகச் சுற்றுலா போன இடத்தில் அப்பா எடுத்தது. அவர் இறந்த பிறகு, 'குடும்பம்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்த உறையில், பிள்ளைகள் கடற்கரையில் விளையாடும் படங்களோடு கிடைத்தது. ஓரத்தில் அச்சாகியிருந்த ஆண்டை மையால் மறைத்திருக்கிறார். மாதம் தெரிகிறது, படத்தையும் கிழித்துப் போடவில்லை. மறைக்கவும் வேண்டும், வைத்துக்கொள்ளவும் வேண்டும். அவர் வாழ்க்கை முழுவதும் அந்த ஓரத்தில் இருக்கிறது. வரைந்திருக்கும் விரல்கள் நம் விரல்களின் அளவுக்குப் பெரியவை என்பதால், புகைப்படத்தை நாமே எடுத்துப் பார்ப்பது போலாகிவிடுகிறது. நூறு பக்கம் வர்ணித்தாலும் அந்தக் கூச்சம் நமக்கு வராது என்பது என் எண்ணம்.

இதற்கு அவர் செலவழித்த காலம் ஏழு ஆண்டுகள். பழைய கடிதங்கள், வரைபடங்கள், சிறுவயது நாட்குறிப்பு எல்லாவற்றையும் கையாலேயே திரும்ப வரைந்தார். பத்து வயதில், தான் எழுதுவது உண்மைதானா என்ற சந்தேகம் வந்து, நாட்குறிப்பில் ஒவ்வொரு வாக்கியத்தோடும் 'என்று நினைக்கிறேன்' என்று பொடியாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறாள் அந்தச் சிறுமி. அந்தக் கையெழுத்தை அப்படியே பார்க்கும்போது மனம் கலங்கிவிடும். இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தானே அந்த நிலையில் நின்று புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார். அப்பாவை வரைய அப்பாவாக நின்றார். உயிரோடு இருந்தபோது மனம்விட்டுப் பேசக் கிடைக்காத மனிதரை, தோளும் கழுத்தும் எப்படி இருக்கும் என்று தன் உடம்பிலேயே தேடியிருக்கிறார் மகள். எழுத்தாளருக்கு இந்த வேலை கிடையாது.

இறந்தவர் பதில் சொல்ல முடியாதே என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் பெக்டெல் தீர்ப்பு எழுதவில்லை. அப்பாவின் கடுமையையும் வரைகிறார், மகளோடு அவர் புத்தகங்களால் நெருங்கியதையும் வரைகிறார். அம்மாவைப் பற்றி 2012இல் தனிப் புத்தகமே போட்டார், அம்மா உயிரோடு இருக்கும்போதே.

படிக்க எடுத்தால் வரிகளை மட்டும் படித்துக்கொண்டு ஓடாதீர்கள். பக்கத்தைத் திருப்பியதும் முதலில் படங்களைப் பாருங்கள், யார் யாரைப் பார்க்காமல் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். வரிகளுக்கு அப்புறம் வரலாம்.