கார் எல்லையில் நிற்கும் ஊர்

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். அதே பெயர் கொண்ட மாநிலத்தின் உட்பகுதியில், இத்தாக்கா என்ற சிறு நகரத்துக்கு மேற்கே ஒரு குன்றின்மேல் 175 ஏக்கர் விவசாய நிலம் 1990களின் தொடக்கத்தில் கைமாறியது. அந்த நிலத்துக்கு மனைத் தொழில்காரர்கள் முன்பே போட்டிருந்த திட்டம் நமக்கும் பழக்கமானதுதான். வீட்டுக்கு ஒரு ஏக்கர் வீதம் 150 வீடுகள். மனையும் சாலையும் போக, திறந்தவெளியாக மிஞ்சுவது 10 சதவீதம். ஜோன் போக்கேர், லிஸ் வாக்கர் ஆகிய இரு பெண்கள் தொடங்கிய குழு நிலத்தை வாங்கி, அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டது: வீடுகளுக்கு 10 சதவீதம், மீதி 90 சதவீதம் வயல், புல்வெளி, காடு. ‘ஈக்கோவில்லேஜ்’ என்ற குடியிருப்பு அப்படித்தான் உருவானது. இன்று அங்கே மூன்று வீட்டுத்தொகுதிகளில் 100 வீடுகள் இருக்கின்றன.

முதல் தொகுதியில் 30 வீடுகள், சுமார் 3 ஏக்கரில். நடைபாதையெல்லாம் சேர்த்தே வீட்டுக்குப் பத்து சென்ட்தான் வருகிறது. அமெரிக்கர்களுக்கு இது நெருக்கடி; நமக்குத் தாராளம். இந்த நெருக்கத்தால் என்ன லாபம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் சதுர மனையின் முகப்பு சுமார் 209 அடி. சாலைக்கு இருபுறமும் பதினைந்து பதினைந்தாக 30 மனை போட்டால் சாலையின் நீளம் 3,100 அடியைத் தாண்டும், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அகலம் 30 அடி என்று வைத்தால் தார் போட மட்டும் 2 ஏக்கருக்கு மேல் வேண்டும்! ஈக்கோவில்லேஜில் முப்பது குடும்பங்கள் குடியிருக்கும் 3 ஏக்கரில் ஏறக்குறைய முக்கால் பங்கு அளவை இங்கே வெறும் சாலையே விழுங்கிவிடுகிறது. அந்தத் தாரின்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 86,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் ஓடும். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எல்லாமே அந்தச் சாலையின் நீளத்துக்குப் போக வேண்டும். செலவை வீட்டுக்காரர்தான் கட்டுகிறார், ஒருமுறை மனை விலையில், பிறகு ஆண்டுதோறும் பராமரிப்பில்.

ஈக்கோவில்லேஜில் கார்கள் குடியிருப்பின் ஓரத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து வாசல்வரை நடைதான். மளிகைச் சாமான் இருந்தால் தள்ளுவண்டி. பனிக்காலத்திலும் முழங்கால் வலியோடும் இது தொல்லைதான், மறுப்பதற்கில்லை. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வர வழி விட்டாக வேண்டும் என்பதும் இத்தகைய திட்டங்களின் கட்டாய விதி. ஆனால் இரு வரிசை வீடுகளுக்கு நடுவே வண்டி வராததால், அந்த இடம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடுகிறது. இந்த யோசனை டென்மார்க்கில் 1970களில் வேரூன்றிய கூட்டுக்குடியிருப்பு முறையிலிருந்து வந்தது. சமையலறை ஜன்னலை நடைபாதை பார்த்து வைப்பது அந்த முறையின் வழக்கம். அடுப்படியில் நிற்பவர் கண் தெருவில் இருக்கும். தனியாகக் காவல் போடத் தேவையில்லை.

அந்த நடைபாதை வெளி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? இதற்குச் சூரியன் ஒரு விடை வைத்திருக்கிறது. இத்தாக்கா இருப்பது 42 டிகிரி வட அட்சரேகையில். டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 24 டிகிரிதான் ஏறும். 20 அடி உயர வீட்டின் நிழல் அப்போது 45 அடி நீளும். பின்வரிசை வீட்டின் தெற்குக் கண்ணாடியில் குளிர்கால வெயில் விழ வேண்டுமானால் வரிசைகளுக்கிடையே குறைந்தது அந்த இடைவெளியாவது வேண்டும். வெயிலுக்காக விட்ட இடமே நடக்கவும் விளையாடவும் ஆகிவிடுகிறது. முதல் தொகுதியில் வீடுகள் இரட்டை இரட்டையாக ஒட்டியிருப்பதால் பொதுச் சுவர் வழியே வெப்பம் வெளியேறுவதில்லை. கட்டியபோது சில வீடுகளுக்குச் சேர்த்து ஒரே கொதிகலன் வைத்தார்கள். துணி துவைக்கும் இயந்திரங்களும் பொதுக்கூடத்தில்.

இதை அப்படியே பெயர்த்து வந்து இங்கே நட்டுவிடக் கூடாது. மதுரையில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் சுமார் 57 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஜூனில் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. தெற்கே பெரிய கண்ணாடி வைத்தால் ஏ.சி. கட்டணம்தான் ஏறும். நமக்குத் தொல்லை கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். அவற்றைக் குறுக்கி, நிழல் விழுமாறு நெருக்கிக் கட்டுவதே சரி. எங்கே கட்டக் கூடாது என்று முதலில் குறித்துவிட்டுப் பிறகு மனை பிரிப்பது, வண்டியை ஓரத்தில் நிறுத்துவது ஆகிய இரண்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஈக்கோவில்லேஜின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. குடியிருப்புக்குள் எல்லாம் நடை தூரம்தான்: பத்து ஏக்கர் காய்கறிப் பண்ணை, குளம், பொதுச் சாப்பாட்டுக்கூடம். ஆனால் வேலையும் பள்ளியும் பெரும்பாலும் சில கிலோமீட்டர் தள்ளி, செங்குத்தான குன்றுக்குக் கீழே. அங்கே போய்வரப் பலருக்கும் கார்தான் கதி. மனைக்குள் எவ்வளவு அழகாகத் திட்டமிட்டாலும், தேர்ந்தெடுத்த இடம் ஊரை விட்டு விலகியிருந்தால் அந்தத் தூரத்தை எந்த வரைபடமும் குறைக்காது. நம்மூர் மனை விளம்பரங்களில் ‘பேருந்து நிலையம் 10 நிமிடம்’ என்று போட்டிருப்பார்கள். நடப்பவருக்குப் பத்து நிமிடம் என்றால் சுமார் 800 மீட்டர். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.