ஓடிப் பார்த்துத் தீர்த்த சந்தேகம்

“வரலாறு படிப்பவருக்கு நூலகம் போதாதா, ஓட்டமும் வேண்டுமா?” என்று நம் அரங்கில் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். அதற்குப் பதில்தான் இது.

மராத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸுக்கு ஓடிவந்து, வெற்றிச் செய்தியைச் சொல்லி உயிர்விட்ட வீரனின் கதையை எல்லாரும் அறிவோம். நானும் பள்ளியில் அதை நம்பியவன்தான். ஆனால் கி.மு. 490இல் நடந்த அந்தப் போரைப் பற்றிச் சில பத்தாண்டுகளிலேயே எழுதிய ஹெரோடோட்டஸ் இதைச் சொல்லவே இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த புளூட்டார்க், லூசியன் எழுத்துகளில்தான் இக்கதை வருகிறது.

ஹெரோடோட்டஸ் சொல்வது வேறு. போருக்கு முன்பே, ஃபிலிப்பிடீஸ் என்ற தூதோட்டக்காரர் உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு அனுப்பப்பட்டார்; மறுநாளே போய்ச் சேர்ந்தார். தூரம் சுமார் 246 கிலோமீட்டர். கோலாலம்பூரில் கிளம்பி, ஈப்போவையும் தாண்டிக் கோலகங்சார் பக்கம் போகும் தூரம்! ஒரு மனிதனால் முடிகிற காரியமா?

ஏட்டை மட்டும் புரட்டினால் விடை கிடைக்காது. பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஜான் ஃபோடன் வரலாற்று ஆர்வலர், நெடுந்தூர ஓட்டக்காரரும்கூட. வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அவர் ஹெரோடோட்டஸைப் படித்து வழியை ஆராய்ந்தார். டெகியா ஊருக்கு மேலுள்ள பார்த்தேனியன் மலையில் பான் என்ற தெய்வம் தூதருக்கு எதிர்ப்பட்டதாம். நாம் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுவோம். ஓடுகிறவருக்கோ அது வழிக்குறிப்பு.

1982 அக்டோபரில் ஃபோடனும் சகாக்களும் ஏதென்ஸிலிருந்து ஓடத் தொடங்கினார்கள். மூவர் 40 மணி நேரத்துக்குள் ஸ்பார்ட்டாவை அடைந்தனர். ஒருவர் 36 மணி நேரத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டார். ஃபிலிப்பிடீஸ் ஓடினார் என்பதற்கு இது சான்றாகாது. முடியாத காரியம் என்று தள்ளிவிட முடியாது என்பது மட்டும் உறுதியானது.

மறு ஆண்டே ‘ஸ்பார்ட்டத்லான்’ போட்டி தொடங்கியது. கெடு 36 மணி நேரம். இரவோடு இரவாக ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர மலைக்கணவாயைக் கடக்க வேண்டும். முதல் போட்டியில் கிரேக்கரான யியானிஸ் கூரோஸ் 22 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். 2023இல் ஃபோட்டிஸ் ஸிஸிமோபூலோஸ் 20 மணி நேரத்துக்குள் வந்தார்.

அது சரி, அந்தத் தூதருக்கு என்ன பதில் கிடைத்தது? பௌர்ணமிக்கு முன் புறப்படுவது எங்கள் வழக்கமில்லை என்று ஸ்பார்ட்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது போரே முடிந்திருந்தது. 1896 ஒலிம்பிக்கில் மராத்தான் ஓட்டம் பிறந்ததும் இந்த ஓட்டத்தை வைத்தல்ல, அந்த இன்னொரு கதையை வைத்துத்தான். இன்றும் ஏதென்ஸிலிருந்து ஓடிவருபவர்கள் ஸ்பார்ட்டாவில் லியோனிடாஸ் மன்னன் சிலையின் பாதத்தைத் தொட்டுத்தான் ஓட்டத்தை முடிக்கிறார்கள்.