சத்தம் பிந்தி வரும் கணக்கு

சிவகாசிப் பக்கம் இரவில் பேன்சி வாணம் விட்டால், முதலில் வானத்தில் ஒளி விரியும். சத்தம் பிந்தி வரும். மூன்று விநாடி பிந்தினால் வெடித்த இடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அந்த 'ஏறக்குறைய'வில்தான் விஷயமே இருக்கிறது. 20 டிகிரிக் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 35 டிகிரியில் 352 மீட்டர். கையில் எவ்வளவு நல்ல கடிகாரம் இருந்தாலும், அன்றைய வெப்பம் தெரியாதவர் அந்த மூன்று விநாடியில் 27 மீட்டர் பிசகிவிடுவார். காலத்தை அளந்து தூரம் சொல்கிற எவரும் இடையிலுள்ள காற்றையும் அளந்தாக வேண்டும்.

கடல்மட்டத்தை அளக்க இஸ்ரோவும் பிரான்சின் சி.என்.இ.எஸ். நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி, 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய 'சரள்' செயற்கைக்கோளுக்கும் இதே கணக்குதான். சுமார் 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது அனுப்பும் ரேடார் துடிப்பு கடலில் பட்டுத் திரும்ப, விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குச் சற்று மேல் ஆகும். வழியில் உலர்ந்த காற்று துடிப்பைத் தாமதப்படுத்துவதால் கடல் ஏறத்தாழ 2.3 மீட்டர் தாழ்ந்திருப்பதுபோல் தெரியும். காற்றழுத்தம் தெரிந்தால் இதைக் கழித்துவிடலாம். நீராவிதான் தொல்லை. அதனால் வரும் பிழை சில சென்டிமீட்டரிலிருந்து 40 சென்டிமீட்டர் வரை இடத்துக்கு இடம் மாறும். அதனால் நீராவியின் நுண்ணலைக் கதிர்வீச்சை அளக்கத் தனிக் கருவியே செயற்கைக்கோளில் கூடப் போகிறது. கடலும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது: அலையின் பள்ளம் முகட்டைவிட நன்றாக எதிரொலிப்பதால், கொந்தளிக்கும் கடல் உண்மையைவிடத் தாழ்வாகப் பதிவாகும். அலையின் உயரத்தைப் பார்த்து அதையும் திருத்துகிறார்கள்.

கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் உயர்கிறது. திருத்தமோ மீட்டர் கணக்கில். வேண்டிய விடையை இப்படி வரவழைத்துவிட முடியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் திருத்தம் எதுவும் விடையைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றும் தனி அளவீட்டிலிருந்து வருகிறது. செயற்கைக்கோளின் இரண்டு பாதைகள் குறுக்கிடும் இடத்தில் இரு அளவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். லட்சத்தீவின் கவரத்தியில் கடலிலேயே அளந்து சரளின் கணக்கைச் சரிபார்த்தார்கள். அங்குமிங்கும் சிதறும் பிழை லட்சக்கணக்கான அளவீடுகளின் சராசரியில் கரைந்துவிடும். ஒரே பக்கம் சாயும் பிழை கரையாது. 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/போஸைடன் செயற்கைக்கோள் இப்படித்தான் தொடக்கத்தில் கடல்மட்ட உயர்வை மிகையாகக் காட்டியது. கரையில் நின்று கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானிகளோடு ஒப்பிட்டபோது சந்தேகம் எழுந்தது. கடிகாரத் திருத்தம் செய்யும் மென்பொருளில் இருந்த தவறு 1996-இல் பிடிபட்டது. திருத்தமும் பிழைபடலாம் என்பதற்கு இது சாட்சி. அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு என்பதற்கும் இதுவே சாட்சி.

கரையை நெருங்கும்போதுதான் இந்த முறை தடுமாறுகிறது. நிலத்தின் கதிர்வீச்சு கலந்துவிட்டால் நீராவிக் கருவியின் கணக்கு கெடும். சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் சாத்தூரைக் கடந்து போகும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய கடலுக்கு வானத்து அளவை மட்டும் நம்ப முடியாது; தூத்துக்குடித் துறைமுகத்து ஓதமானியையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.