முன்னால் மருந்து, பின்னால் பைலட்!

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறினாலே போதும், என் தலைமுடி என் பேச்சைக் கேட்காது. அப்படியொரு காற்று! பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஒரு குட்டி மருந்தடிப்பு விமானத்தை இறக்கச் சொன்னால்?

நம்ம நாட்டிலேயே ஒன்று செய்தார்கள். பெயர் 'பசந்த்'. பெங்களூர் ஹெச்.ஏ.எல். தயாரிப்பு. முதலில் பறந்தது 1972-ல். இந்த ரகத்துக்கு மூன்றாவது சக்கரம் வாலில். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால். தரை தொட்டதும் பக்கக்காற்று வாலைத் தள்ளினால் போச்சு... பின்பக்கம் முந்திக்கொண்டு வரும், விமானம் தரையிலேயே கிறுகிறுவென்று சுற்றி இறக்கையை உரசும். முழுசாக நிற்கிறவரை பைலட் காலை எடுக்க முடியாது.

விபத்து நடந்தே தீரும் என்று வைத்துக்கொண்டே வடிவமைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. முன்னால் இன்ஜின், அடுத்து மருந்துத் தொட்டி, அதற்கும் பின்னால் உயரத்தில் பைலட். முட்டினால் நசுங்குவது முதலில் அவை இரண்டும்தான். தொட்டியைப் பின்னால் வைத்திருந்தால்? அத்தனை பாரமும் அவர் முதுகில்! (நம்ம ஆபீஸில் எல்லாம் நேர் எதிர். முட்டினால் முதலில் நசுங்குவது நாம்தான்.)

இப்போது மருந்தடிக்க டிரோன் வந்தாச்சு. காற்றில் அது குப்புற விழுந்தால் போவது விசிறியும் பேட்டரியும்தான். ஓட்டுகிறவர் வரப்பில் நிற்கிறார்.