சங்கு முத்திரையும் கொல்லம் ஆண்டும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிளிமானூர் பக்கம், 2019 டிசம்பரில், பயிர் வைக்க நிலத்தைக் கொத்தியபோது ஒரு குடம் தட்டுப்பட்டது. உள்ளே ஏறத்தாழ 2,600 திருவிதாங்கூர் நாணயங்கள். மொத்த எடை சுமார் 20 கிலோ.

ஒரு நாணயத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல், இந்த இரண்டு எண்களை வைத்தே கொஞ்சம் துப்புத் துலக்கலாம். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 8 கிராம் வருகிறது. திருவிதாங்கூரின் பழைய வெள்ளிச் சக்கரமோ அரை கிராம்கூட இருக்காது; துவரம்பருப்பைவிடச் சற்றே பெரிய பொட்டு அது. குடம் முழுக்க அதுவே இருந்திருந்தால், 2,600 சேர்ந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டுவதே கடினம். ஆகவே குடத்தில் இருந்தது கனமான செப்புக்காசு. பழைய நாணயத்தை அடையாளம் காண்பதில் தராசுதான் முதல் ஆசான் என்று நான் நினைக்கிறேன். பூதக்கண்ணாடி அதற்கு அடுத்துத்தான்.

அந்த நாட்டின் கணக்கும் தனி. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் விரலில் நிற்காது என்பதால் அதை எண்ணுவதற்கென்றே குழிகள் போட்ட மரப்பலகை இருந்தது. ஒரு கை சக்கரத்தை அதில் கொட்டி அசைத்தால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தை வழித்தெடுத்தால் எண்ணிக்கை கையில். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை அந்த ராஜ்யத்தோடும் அதன் தொடர்ச்சியோடும் இருந்ததால், நாகர்கோவில்காரர்களுக்கும் இது பாட்டன் காலத்துக் கணக்குதான்.

இனி முகம். வலம்புரிச் சங்கு இருந்தால் திருவிதாங்கூர் என்று முதலில் ஊகிக்கலாம். அடுத்து எழுத்து. பின்னாளைய செப்புக்காசுகள் பலவற்றில் ஆண்டே கிடையாது. அங்கே அரசரின் முதலெழுத்துக் கோலம் உதவுகிறது: ‘ஆர்.வி.’ என்றால் 1885 முதல் 1924 வரை ஆண்ட மூலம் திருநாள் ராமவர்மா; முன்னால் ஒரு ‘பி’ சேர்ந்தால் அவருக்குப் பின்வந்த சித்திரைத் திருநாள் பாலராமவர்மா. ஆண்டு இருந்தாலும் அவசரப்படக்கூடாது. அரை ரூபாயில் 1114 என்று கண்டு சோழர் காலத்துக்குத் தாவிவிட வேண்டாம். அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825-ல் தொடங்கிய அந்தக் கணக்கில் ஆண்டு பிறப்பது ஆகஸ்ட் நடுவில், சிங்கம் மாதத்தில். எனவே 824 அல்லது 825-ஐக் கூட்ட வேண்டும்: 1938–39.

தரைக்குள் இருப்பதைத் தேடும் மெட்டல் டிடெக்டருக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. அதன் சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதிலின் வலிமையையும் தாமதத்தையும் கருவி அளக்கிறது. தடித்த செப்புக்காசு உரக்கப் பதில் சொல்லும். சின்னஞ்சிறு தங்கப் பணமும் கசங்கிய அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும். போதாக்குறைக்குத் திருவனந்தபுரத்தின் செம்மண்ணில் இரும்பு மிகுதி, கோவளத்தின் கருமணலில் இல்மனைட். மண்ணே கருவியைக் குழப்புகிற ஊர் இது.

கிடைத்த செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்ப்பதுதான் நம் வீடுகளின் முதல் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். மண்ணுக்குள் செம்பு முதலில் சிவந்த ஆக்சைடாகவும், பிறகு பச்சைக் கார்பனேட்டாகவும் மாறுகிறது. முத்திரையின் நுண்கோடுகள் பல சமயம் உலோகத்தில் இல்லை, அந்தச் சிவப்புப் படலத்தில்தான் பிழைத்திருக்கின்றன. புளியின் அமிலம் களிம்போடு சேர்த்து அரசரின் பெயரையும் கரைத்துவிடும். கடற்கரை மண்ணின் உப்பு இன்னொரு கேடு. குளோரைடு ஏறிய செம்பு ஈரக்காற்றில் வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும். வெண்கல நோய் என்பார்கள். உலர்ந்த காகிதத்தில் வைத்து, தொல்பொருள் பாதுகாப்புக் கூடத்தில் கொடுப்பதே வழி.

தனிக்காசைவிடக் குவியல் அதிகம் பேசும். அதிலுள்ள ஆகப் புதிய காசு அடிக்கப்படுவதற்கு முன்னால் குடத்தை மூடிப் புதைத்திருக்க முடியாது அல்லவா? எறணாகுளம் மாவட்டம் வள்ளுவள்ளியில் 1983-ல் 252 ரோமத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் கடைசியானவை கி.பி. 161-ல் மறைந்த அந்தோனினஸ் பயஸ் காலத்தவை. அதனால்தான் அந்தப் புதையலை இரண்டாம் நூற்றாண்டுக்கு முன்னால் தள்ள முடியாது என்று துணிந்து சொல்ல முடிகிறது. யாராவது பத்துக் காசைப் பொறுக்கி விற்றிருந்தால், அந்தக் கடைசிக் காசே போயிருக்கக்கூடும்.

கேரளத்துக்கென்று 1968-ல் ஒரு புதையல் சட்டம் உண்டு. கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிளிமானூர் குடம் தொல்லியல் துறையிடம் போய்ச் சேர்ந்தது. அதில் முன்பு சொன்ன இரண்டு அரசர்களின் காசுகளும் கலந்திருந்தன. ஆகவே புதைத்தது 1924-க்குப் பிறகு. மூலம் திருநாள் காசுகள் தேய்ந்தும் சித்திரைத் திருநாள் காசுகள் கூர்மை மாறாமலும் இருந்தால், புழக்கத்தில் இருந்த பணத்தை ஒருவர் ஒரே மூச்சில் திரட்டிப் புதைத்தார் எனலாம். இரண்டுமே புதுக்கருக்கோடு இருந்தால், ஆண்டுக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த குடம் அது.